பன்னிரண்டு வருஷம் எங்கே போச்சு? பள்ளிப் பணியாளர் மறுவேலையும் பணிமூப்பு விதியும்: ஒரு விமர்சனப் பார்வை



பிரிஞ்சாங்கில் நான் நடத்தும் எஸ்.பி.எம். தமிழ் மாலை வகுப்பில் அண்மையில் ஒரு கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்தேன். 'வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களை மீண்டும் எடுக்கும்போது பணிமூப்புக்கு முன்னுரிமை தர வேண்டும்' என்பது தலைப்பு. கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். மூத்தோரை மதிக்க வேண்டும். வயதானவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்காது. அதனால் அவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். மொழி நன்றாக இருந்தது. பழமொழியும் பொருத்தமாக வந்திருந்தது. ஆனால் கருத்துக்கு மதிப்பெண் போட என் பேனா நகரவில்லை. 'மூப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாரும் வயதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்கம்மாவுக்கு வயசு நாப்பத்திரெண்டுதான். ஆனா ஸ்கூல்ல பன்னெண்டு வருஷம் கூட்டிப் பெருக்குனாங்க. அவங்களுக்கு மூப்பு இருக்கா, இல்லியா?"

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பள்ளி, எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அந்த அம்மா ஒரு பள்ளியில் துப்புரவுப் பணியாளர். 12 ஆண்டுகளில் நான்கு குத்தகை நிறுவனங்கள் வந்து போயின. சட்டையில் உள்ள பெயர் மாறும். துடைப்பமும் கழிவறையும் அதேதான். கடைசியாக இன்னொரு நிறுவனம் வந்தது. மூன்று பேர் செய்த வேலைக்கு இனி இரண்டு பேர் போதும் என்றது. வெளியே நின்றவர் இந்த அம்மா. உள்ளே இருந்த இருவரில் ஒருவர் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான்கு மாதம் கழித்து ஓர் இடம் காலியானது. அதற்கும் இவரைக் கூப்பிடவில்லை. வேறொரு புதியவர் வந்தார். ஏன் என்று மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "நாங்க புதுக் கம்பெனிம்மா. எங்களுக்கு எல்லாருமே புதுசுதான்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றிய விமர்சனம். அந்த மேற்பார்வையாளரைத் திட்டுவதற்காக எழுதவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் சொன்னதில் பெரிய தப்பு இல்லை என்பதுதான் நம்மை யோசிக்க வைக்க வேண்டும்.

பணிமூப்பு என்றால் என்ன?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பணிமூப்பு என்பது ஒருவர் ஒரு வேலையில் தொடர்ந்து இருந்த காலம். 55 வயதில் போன வருஷம் சேர்ந்தவர் பணியில் இளையவர். 30 வயதில் எட்டு வருஷம் முடித்தவர் பணியில் மூத்தவர். இதில் மரியாதையோ இரக்கமோ கிடையாது. இது ஒரு கணக்கு.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் பயன்படுகிறது. ஆட்குறைப்பு வரும்போது, ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். மறுபடி ஆள் எடுக்கும்போது, நிறுத்தப்பட்டவர்களில் நீண்ட காலம் வேலை செய்தவரை முதலில் கூப்பிட வேண்டும். முதலாவது விதியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வேலை போனவருக்கு மிச்சமிருக்கும் ஒரே நம்பிக்கை இரண்டாவதுதான்.

ஏன் இப்படி ஒரு விதி? யாரை அனுப்புவது, யாரைக் கூப்பிடுவது என்ற முடிவை ஒரு மனிதரின் விருப்பத்தில் விட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்குப் பிடித்தவர் இருப்பார். வாய் திறந்து கேள்வி கேட்டவர் போவார். சம்பளச் சீட்டில் பிடித்தம் ஏன் என்று கேட்டவர், விடுப்பு கேட்டவர், சங்கத்தில் சேர்ந்தவர் எல்லாரும் 'திறமை போதவில்லை' என்ற ஒரே காரணத்தில் அடங்கிவிடுவார்கள். சேர்ந்த தேதியை வைத்து முடிவு செய்தால் இதற்கு இடம் குறையும். தேதியை யாரும் மிரட்ட முடியாது, காக்காய் பிடிக்கவும் முடியாது.

நம் நாட்டு விதியை வாசித்துப் பார்ப்போம்

மலேசியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1975இல் முதலாளிகள் தரப்பும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் ஒப்புக்கொண்ட தொழில் இணக்க நடத்தை நெறி. மனிதவள அமைச்சின் ஆதரவோடு வந்தது. ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதபோது எந்த அளவுகோல்களைப் பார்க்க வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது. நிறுவனம் திறம்பட இயங்க வேண்டிய தேவை, தொழிலாளியின் ஆற்றல், அனுபவம், தகுதி, பணிக்காலம், அவர் நிரந்தரமா தற்காலிகமா, குடிமகனா இல்லையா, வயது, குடும்ப நிலை. ஆட்குறைப்பில் போனவர்களுக்கு, மீண்டும் ஆள் எடுக்கும்போது இயன்றவரை முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் தமிழாசிரியர்கள். வினைமுற்றைப் பார்க்காமல் விட மாட்டோம். ஏவல் வினைக்கும் வியங்கோள் வினைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் சொல்லித் தருகிறோம். ஏவல் முன்னால் நிற்பவரைப் பார்த்துக் கட்டளை இடும். வியங்கோள் வாழ்த்தும், வேண்டும், விரும்பும். இந்த நெறியின் வாக்கியங்கள் வியங்கோள் குரலில்தான் பேசுகின்றன. 'செய்தாக வேண்டும்' என்று சொல்லவில்லை. 'செய்வது முறை' என்கின்றன. அதோடு 'இயன்றவரை' என்ற சொல் வேறு. எது இயலும், எது இயலாது என்று தீர்மானிப்பவர் முதலாளி.

இன்னும் மூன்று குறைகள் உண்டு. ஒன்று, நிறுத்தப்பட்டவர்களுக்கு முன்னுரிமை என்கிறது. ஆனால் நிறுத்தப்பட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அவர்களுக்குள் யார் முதலில் என்று வரிசை சொல்லவில்லை. இரண்டு, அந்த முன்னுரிமை எத்தனை மாதம் செல்லும் என்று காலம் சொல்லவில்லை. மூன்று, காலியிடம் வந்ததை அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்று வழி சொல்லவில்லை. தெரியாத காலியிடத்துக்கு யார் விண்ணப்பிப்பது?

நெறிக்கு ஒன்றுமே பலம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது, மாணவர்களே. 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டம், இப்படிப்பட்ட நெறிகளைத் தொழில்துறை நீதிமன்றம் கவனத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடைசியில் வந்தவர் முதலில் என்ற வரிசையை மீறினால் தக்க காரணம் காட்டும்படி அந்த நீதிமன்றம் முதலாளியைக் கேட்டு வந்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் வழக்கு என்று போன பிறகு. காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாக முறையிட 60 நாள் அவகாசம்தான். மேட்டு நிலத்தில் லயத்து வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்த 60 நாளில் பாதி, என்ன நடந்தது என்று புரிந்துகொள்வதிலேயே போய்விடும்.

சட்டத்தில் ஏவல் குரலில் பேசும் ஓர் இடமும் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60 என் பிரிவு, ஆட்குறைப்பில் அதே வகை வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களை முதலில் நிறுத்தாமல் உள்ளூர்க்காரரை நிறுத்தக் கூடாது என்கிறது. ஆக, கட்டளையாகச் சொல்லத் தெரியாமல் இல்லை. குடியுரிமைக்குக் கட்டளை, பணிக்காலத்துக்கு வேண்டுகோள். இதைப் படிக்கும்போது நம் குடும்ப வரலாறும் ஞாபகம் வர வேண்டும். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் ரப்பர் மரத்தடியில் கழித்த வருஷங்களை அன்றைக்கு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வரிசை எப்படி அமைகிறது என்பது எதை முதலில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

வருஷத்தை யார் கணக்கில் எழுதுவது?

இனி மேற்பார்வையாளரின் பதிலுக்கு வருவோம். என் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும்; கிராணி பெயர் கூப்பிடுவார்; செக்ரோலில் பதிவார். பாட்டியின் காலத்தில் எத்தனையோ கிராணிகள் மாறினார்கள். மேனேஜர்கள் மாறினார்கள். செக்ரோலில் பாட்டியின் பெயர் அதே இடத்தில் இருந்தது. தோட்ட வாழ்க்கை சுகமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் வெட்டப்பட்டவர்களின் கதையும் எனக்குத் தெரியும். ஆனால் கிராணி மாறினால் பாட்டி புதிய ஆள் ஆகிவிடவில்லை.

இன்று பள்ளியில் காவலரும் துப்புரவுப் பணியாளரும் அப்படி இல்லை. ஒரு காலத்தில் தோட்டக்காரர், காவலர், பொதுப் பணியாளர் எல்லாரும் அரசாங்க ஊழியர்களாகவே இருந்தார்கள். 1983இல் தொடங்கிய தனியார்மயக் கொள்கைக்குப் பிறகு, துப்புரவும் பாதுகாப்பும் படிப்படியாகக் குத்தகைக்குப் போயின. குத்தகை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை முடியும். அடுத்த நிறுவனம் வரும். பழைய ஆட்களில் பலரை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் புதிய நியமனக் கடிதத்தோடு, முதல் நாளிலிருந்து.

இதனால் என்ன நட்டம் என்பதை மாணவர்கள் எண்ணிலேயே பார்க்கலாம். வேலைச் சட்டப்படி ஆண்டு விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் 8 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் 12 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். மருத்துவ விடுப்பு 14, 18, 22 நாள். பணிநிறுத்த முன்னறிவிப்பு 4, 6, 8 வாரம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சுழியத்திலிருந்து தொடங்குபவர், 12 ஆண்டு உழைத்தாலும் 16 நாள் விடுப்பைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை.

அடுத்து, பணிநிறுத்த இழப்பீடு. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவரின் ஒரு நாள் சம்பளம், ஆண்டு வருமானத்தை 365ஆல் வகுத்தால், ஏறக்குறைய 55 ரிங்கிட் 90 சென். ஒரே முதலாளியிடம் 12 ஆண்டு இருந்தால் 240 நாள் சம்பளம்: சுமார் 13,400 ரிங்கிட். கடைசிக் குத்தகையின் மூன்று ஆண்டை மட்டும் எண்ணினால் 45 நாள்: சுமார் 2,500 ரிங்கிட். அதையும், 'தவணை முடிந்தது, நாங்கள் நிறுத்தவில்லை' என்று சொல்லி மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. தவணை ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் அது உண்மையிலேயே தவணை வேலைதானா என்று உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும் என 2020இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கு நிறுவனங்கள் வரிசையாக வந்து போகும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

சம்பளத்தைப் பாருங்கள். 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500 ஆகி, 2025இல் 1,700 ஆனது. நேற்று வந்தவருக்கும் 1,700. 12 ஆண்டு ஆனவருக்கும் 1,700. இடையில் 2020இல், மாநகர், நகராண்மைப் பகுதிகளுக்கு 1,200 என்றும் மற்ற இடங்களுக்கு 1,100 என்றும் பிரித்தார்கள். கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கீழ் இருந்ததால் நமக்கு 1,100. பள்ளிப் பணியாளரின் வாழ்க்கையில் ஆண்டுகள் கூடக் கூட ஏறியது குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றுதான். அதுவும் எல்லாருக்கும் ஏறியது.

ஆகவே நம் நாட்டில் பணிமூப்பு விதி மோசமானது என்பது என் விமர்சனம் அல்ல. விதி எதன் மேல் நிற்கிறதோ அந்தத் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. மூப்பு என்பது வருஷக் கணக்கு. அந்தக் கணக்கை நிறுவனத்தின் புத்தகத்தில் எழுதுகிறோம். நிறுவனம் போகும்போது புத்தகத்தையும் கொண்டு போய்விடுகிறது. பள்ளியின் புத்தகத்தில் எழுதியிருந்தால் அந்த அம்மா 12 ஆண்டுக்காரர்.

மற்ற இடங்களில் எப்படி?

இந்தியாவில் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தில் 25 ஜி, 25 எச் என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாவது ஆட்குறைப்பு வரிசை, இரண்டாவது மறுவேலை. மத்திய விதிகளின்படி, ஆட்குறைப்புக்கு ஏழு நாளுக்கு முன்பே பணிமூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மீண்டும் ஆள் எடுக்க, பத்து நாளுக்கு முன்பே பலகையில் போட்டு, நிறுத்தப்பட்டவர்களுக்குப் பதிவுத் தபாலிலும் தெரிவிக்க வேண்டும். காலியிடம் குறைவாக இருந்தால், இடத்தின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கு மூத்தவர்களுக்குத் தெரிவித்தால் போதும். பட்டியல், தபால், தேதி! நமது நெறியில் இல்லாதது இந்த மூன்றும்தான். அதற்குப் பதிலாக வந்த, 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, மறுவேலை உரிமையை ஓராண்டுக்குள் என்று சுருக்கிவிட்டது. அதையும் விமர்சிக்க வேண்டும்.

ஆசிரியர்களே, இந்த இடத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பள்ளியும் சட்டப்படி ஒரு 'தொழில்'தான் என்ற நிலைப்பாட்டை வைத்துக்கொண்டே, ஆசிரியர்கள் 'தொழிலாளி' ஆக மாட்டார்கள் என்று 1988இல் இந்திய உச்ச நீதிமன்றம் கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்படி, பழைய சட்டத்தின் கீழ் அங்கே தனியார் பள்ளியின் எழுத்தரும் காவலரும் துப்புரவாளரும் இந்த மறுவேலை விதியைக் கேட்க முடிந்தது. ஆசிரியர் கேட்க முடியவில்லை. நாம்தான் மேலே இருக்கிறோம், அவர்கள் கீழே இருக்கிறார்கள் என்ற எண்ணம் இருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கல்விச் சட்டம், பொதுப் பள்ளிகளின் ஆசிரியரல்லாத நிரந்தரப் பணியாளரைப் பணிக்காலத்தின் அடிப்படையில்தான் நிறுத்த வேண்டும் என்கிறது. நிறுத்தப்பட்டவருக்கு 39 மாதம் மறுவேலை முன்னுரிமை உண்டு. 'இயன்றவரை' கிடையாது, 39 மாதம் என்ற எண் இருக்கிறது.

சரி, முதலாளியே மாறினால்? இதற்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் தொழில் மாற்ற விதிமுறைகள், துப்புரவு போன்ற ஒரு சேவை ஒரு குத்தகையாளரிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது, அந்த வேலைக்கென்றே இருந்த தொழிலாளர்களும் அவர்களின் பணிக்காலமும் கூடவே போகும் என்கின்றன. கலிபோர்னியாவில் கட்டடத் துப்புரவுக் குத்தகை கைமாறினால், புதிய குத்தகையாளர் பழைய துப்புரவாளரை 60 நாளாவது வைத்திருக்க வேண்டும்.

'நாங்க புதுக் கம்பெனி' என்பதை அங்கே காரணமாகச் சொல்ல முடியாது. நமது 1980ஆம் ஆண்டு விதிமுறையிலும் ஒரு தொழில் விற்கப்பட்டு உரிமையாளர் மாறும்போது, புதியவர் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுத்தால் பணிக்காலம் தொடரும் என்று இருக்கிறது. ஆனால் குத்தகை முடிந்து வேறொருவருக்குப் போவது விற்பனை அல்ல. அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான வருஷங்கள் விழுந்துவிடுகின்றன.

மறுப்பவர்கள் சொல்வது

ஆசிரியர் அறையில் இதைப் பேசினால் மூன்று மறுப்புகள் வரும். தேர்வில் எதிர்க்கருத்து எழுத மாணவர்களுக்கும் இவை உதவும்.

முதலாவது: "வேலை செய்யாத ஆளும் மூப்பு இருக்குன்னு உள்ள வந்துருவாரே?" ஒழுங்காக வேலை செய்யாதவருக்கு விசாரணை, எச்சரிக்கை, வேலைநீக்கம் என்று தனி வழி இருக்கிறது. பணிமூப்பு வரிசை, எந்தக் குற்றமும் செய்யாமல் இடம் குறைந்ததால் போனவர்களுக்கு. இரண்டையும் கலந்தால், விசாரணை இல்லாமலே ஒருவரைக் கழித்துக்கட்ட ஆட்குறைப்பு ஒரு சாக்காகிவிடும்.

இரண்டாவது: "அப்ப இளையவங்க எப்பத்தான் வருவாங்க?" இதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் வந்தவர் முதலில் என்ற விதி, புதிதாகச் சேர்ந்த இளம் பெண்களையும், பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவர்களையும் அடிக்கும். இதற்கு மருந்து, எண்ணும் முறையைச் சரியாக்குவது. மகப்பேறு விடுப்பு, நோய்க்காலம், குத்தகை மாற்றத்தில் விழுந்த சில வார இடைவெளி ஆகியவை பணிக்காலத்தை முறிக்கக் கூடாது. முறித்தால் மூப்பு என்பது நோயும் பிள்ளையும் இல்லாதவர்களுக்கான பரிசாகிவிடும்.

மூன்றாவது: "குத்தகை எடுத்தவன் தனக்கு வேண்டிய ஆளை வச்சுக்கக் கூடாதா?" வைத்துக்கொள்ளட்டும், வேறு வேலைகளுக்கு. இங்கே வேலையைக் கொடுப்பவர் அரசாங்கம், வேலை நடக்கும் இடம் பள்ளி. குத்தகையாளர் சம்பளம் தராவிட்டால் மூன்று மாதச் சம்பளம் வரை வேலையைக் கொடுத்த மூலவரையும் பொறுப்பாக்கும் எண்ணம் வேலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. சம்பளத்துக்குக் குத்தகையாளரைத் தாண்டிப் பின்னால் நிற்பவரைப் பார்க்கத் தெரிந்த சட்டத்துக்கு, வருஷத்துக்கும் அப்படிப் பார்க்கத் தெரியாதா?

சின்னப் பள்ளி, நீண்ட மலைப்பாதை

வெளியூர் விதியை அப்படியே கொண்டுவந்து ஒட்டினாலும் நம் மலைக்குப் பொருந்தாது. நமது தோட்டப் பள்ளிகள் சிறியவை. ஒரு பள்ளியில் இரண்டு துப்புரவாளர், மாற்றி மாற்றி நிற்கும் காவலர்கள். இரண்டு பேர் உள்ள பட்டியலில் மூப்பு வரிசைக்கு என்ன அர்த்தம்? ஒரு பள்ளியில் இடம் போனால், அதே பள்ளியில் இடம் வரும் வரை காத்திருந்தால் பல வருஷம் ஆகும். பட்டியல் மாவட்ட அளவில் இருக்க வேண்டும்.

ஆனால் மாவட்டம் என்றால் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா தாண்டி புளூ வேலி வரை ஒரே மலைப்பாதை. சுங்கை பாலாஸ் பக்கத்து லயத்தில் இருப்பவரை, 'ரிங்லெட்டில் இடம் இருக்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு வா' என்றால் எப்படிப் போவார்? வராவிட்டால் 'மறுத்துவிட்டார்' என்று பெயரை அடித்துவிடலாம். இப்படியும் ஒரு விதியைச் சாகடிக்கலாம். அதனால் நியாயமான தூரத்துக்கு அப்பால் உள்ள இடத்தை மறுத்தால் வரிசை போகாது என்ற ஒரு வரி அவசியம். பட்டியலில் காவலர், துப்புரவாளர் என்று வகை பிரித்தாலும், இரண்டு வேலையும் செய்தவருக்கு இரண்டு வரிசையிலும் இடம் வேண்டும்.

என்ன மாற வேண்டும்?

அரசாங்க ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள், குத்தகை முறையையே ஒழித்து நேரடியாக வேலைக்கு எடுக்கும்படி கேட்கின்றன. அதுதான் முழுத் தீர்வு. நேரடி அரசு ஊழியரானால் பாதுகாப்பு வேறு வழியில் வரும். தொழிலுறவுச் சட்டத்தின் பெரும்பகுதி அவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது நடக்கும் வரை, குத்தகை ஒப்பந்தத்திலேயே சில வரிகளைச் சேர்க்கலாம். புதிய நிறுவனம் பழைய பணியாளரை அவர்களின் முதல் சேர்ந்த தேதியோடு ஏற்க வேண்டும். ஆட்குறைப்பு இருந்தால் பட்டியல் ஒட்ட வேண்டும். மறுவேலை உரிமைக்கு மாதக் கணக்கு இருக்க வேண்டும். காலியிடத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதிய சட்டம் வரும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் எழுதும் இடத்தில் மனம் இருந்தால் போதும்.

நம்மால் செய்யக் கூடியதும் உண்டு, ஆசிரியர்களே. உங்கள் பள்ளிப் பணியாளரிடம் எல்லா நியமனக் கடிதங்களையும் ஒரே கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையை எடுக்க உதவுங்கள். எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று அதில் இருக்கும். நிறுவனங்கள் மறந்த வருஷங்களை அந்தத் தாள் மறக்காது. வேலை போனால் விடுப்பு, இழப்பீடு பற்றித் தொழிலாளர் இலாகாவிடமும், காரணமற்ற நீக்கம் பற்றி 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவிடமும் போகச் சொல்லுங்கள். மனுவை எழுதிக் கொடுக்க நமக்கு ஒரு மாலை நேரம் போதும்.

அந்த மாணவியின் அம்மாவுக்கு இப்படித்தான் ஒரு மாலையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நான்கு நிறுவனங்கள், 12 ஆண்டு, இடையில் விட்டுப்போனது மொத்தமே ஐந்து வாரம். தாளைப் பார்த்து அவர் சொன்னார்: "இத்தன வருஷம் செஞ்சிருக்கேன்னு இப்பத்தான் சார் எனக்கே தெரியுது." அவர் இன்னும் அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. காய்கறித் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறார். மனு போயிருக்கிறது.

மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பில் மீண்டும் எழுதும்போது, பணிமூப்பை வயதோடு குழப்பாதீர்கள். ஆட்குறைப்பு வரிசையையும் மறுவேலை வரிசையையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். எதிர்க்கருத்து ஒன்றையாவது நேர்மையாக எடுத்துப் பதில் சொல்லுங்கள். எண் வரும் இடத்தில் எண்ணை எழுதுங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்:

1. பணிக்காலத்தை நிறுவனத்தின் கணக்கில் எழுதுவதற்கும் பணியிடத்தின் கணக்கில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவரை மட்டும் மறுபடி எடுக்க முடியும் என்றால், எந்த அளவுகோலைப் பயன்படுத்துவீர்? ஏன்?

3. 'இயன்றவரை' என்ற சொல்லை நீக்கி, மறுவேலை விதியை உமது சொற்களில் கட்டளை வாக்கியமாக எழுதுக.

மூன்றாவது கேள்விக்கு என் வகுப்பில் வந்த விடைகளில் ஒன்று இது: 'முதலில் வந்தவரை முதலில் கூப்பிடு, கூப்பிட்டதற்குக் கடிதம் காட்டு.' எழுதியது அந்த மாணவிதான். இந்த முறை முழு மதிப்பெண் போட்டேன்.